கொலையும் வேண்டும், தூக்கமும் வேண்டும்: காதால் கேட்கச் சில துப்பறியும் கதைகள்

ஒலிப்புத்தகமாக ஒரு நல்ல துப்பறியும் நாவல் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, பின்பக்கம் புரட்ட முடியாது என்பதைத்தான். அச்சுப் புத்தகம் என்றால், அன்றைக்கு ராத்திரி இந்த ஆள் எங்கே இருந்ததாகச் சொன்னான் என்று சந்தேகம் வந்ததும் நாற்பது பக்கம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். காதில் ஓடுகிற கதையில் அது நடக்காது. முப்பது விநாடி பின்னால் போகிற பொத்தானை அழுத்தி அழுத்தி எங்கேயோ போய் நிற்போம், அதற்குள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும். ஆகவே புத்தகம் நல்ல புத்தகமா என்பது ஒரு கேள்வி, அது காதுக்குத் தோதானதா என்பது வேறு கேள்வி. பரிந்துரை செய்கிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த ரகத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலை இருக்க வேண்டும், துப்பு இருக்க வேண்டும், ஆனால் பக்கம் பக்கமாக ரத்தமும் சித்திரவதையும் வரக்கூடாது. கேட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிய வேண்டும். கோஸி மிஸ்டரி என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கதை நடக்கிற ஊரில் நாமும் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம் போலத் தோன்ற வேண்டும், அதுதான் முக்கியம். கொலைகாரன் யார் என்பது கூட எனக்கு அப்புறம்தான்.

இந்தக் கணக்கில் முதலிடம் ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'. 2020-இல் வந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கூப்பர்ஸ் சேஸ் என்று ஒரு முதியோர் குடியிருப்பு, நம் ஊர் முதியோர் இல்லம் மாதிரி இல்லை, வசதியானவர்கள் வீடு வாங்கிக்கொண்டு வந்து தங்குகிற இடம். அங்கே நான்கு பேர் வியாழக்கிழமை தோறும் கூடி, போலீஸ் துப்புத் துலக்காமல் விட்ட பழைய கொலை வழக்குகளை வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எலிசபெத் உளவுத்துறையில் இருந்தவர், அதை நேராகச் சொல்ல மாட்டார், ஆனால் எல்லாருக்கும் தெரியும். இப்ராஹிம் மனநல மருத்துவர். ரான் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர், இன்னமும் சண்டைக்கு ஆள் தேடுகிறவர். ஜாய்ஸ் ஓய்வு பெற்ற நர்ஸ். வாசலிலேயே ஒரு நிஜக் கொலை விழுந்ததும் நான்கு பேருக்கும் ஒரே உற்சாகம்.

இதை ஏன் காதுக்கு ஏற்றது என்கிறேன் என்றால் ஜாய்ஸால்தான். மற்ற பகுதிகளை ஆசிரியர் சொல்லிக்கொண்டு போக, நடுநடுவே ஜாய்ஸின் நாட்குறிப்பு வரும். அந்த அம்மாள் பிணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்து, அப்படியே கேக், கடை கண்ணி, மகள் ஜோவன்னா தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, போகிற போக்கில் ஒரு முக்கியமான தகவலைப் போட்டுவிட்டுப் போவார். கண்ணால் படிக்கும்போது இந்த இடங்களை வேகமாகத் தாண்டிவிடத் தோன்றும். லெஸ்லி மேன்வில் வாசிக்கும்போது தாண்டவே மனம் வராது. அரச குடும்பத்தைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வயதான இளவரசி மார்கரெட்டாக நடித்தவர்தான். எலிசபெத்துக்கு ஒரு அதிகாரக் குரல், ஜாய்ஸுக்கு ஒரு வெள்ளந்தி, அந்த வெள்ளந்தியிலேயே கொஞ்சம் குறும்பு, இவ்வளவையும் மிகையே இல்லாமல் செய்திருக்கிறார். அத்தியாயங்களும் ரொம்பச் சின்னவை. பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் இரண்டு மூன்று ஓடிவிடும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

குறை இல்லாமல் இல்லை. முடிவுப் பகுதியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கொலை முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே போகும். எந்தப் பிணத்துக்கு எந்தக் கொலைகாரன் என்று ஒரு கட்டத்தில் எனக்குக் குழம்பிவிட்டது. காகிதத்தில் என்றால் சரிபார்த்திருப்பேன், காதில் அப்படியே விட்டுவிட்டேன், நஷ்டம் ஒன்றுமில்லை. எலிசபெத்தின் கணவர் ஸ்டீபனுக்கு ஞாபகம் மெல்ல மெல்லத் தப்பிக்கொண்டே வருவதும், அவரும் போக்டான் என்கிற போலந்துக்காரரும் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவதும்தான் எனக்கு மனதில் நின்றது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்த இடங்கள் கொஞ்சம் கனமாக இருக்கும், தயாராக இருந்துகொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: இந்தத் தொடரின் மூன்றாவது புத்தகத்திலிருந்து வாசிப்பவர் மாறிவிடுகிறார், ஃபியோனா ஷா வருகிறார். ஹாரி பாட்டர் படங்களில் பெட்டூனியா பெரியம்மாவாக வந்தவர். நல்ல நடிகை, சந்தேகமில்லை, ஆனால் இரண்டு புத்தகம் முழுக்கக் கேட்டுப் பழகிய ஜாய்ஸ் திடீரென்று வேறு யாரோ போலப் பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஒலிப்புத்தகத் தொடர்கள் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. கனடாவின் கியூபெக்கில் த்ரீ பைன்ஸ் என்ற கற்பனைக் கிராமத்தை வைத்து லூயிஸ் பென்னி எழுதுகிற, கமாஷ் என்ற போலீஸ் அதிகாரி துப்பறிகிற தொடரிலும் இதே கதைதான்: ஆரம்பத்திலிருந்து வாசித்துவந்த ரால்ஃப் காஷம் 2014-இல் இறந்துவிட்டார், அதன் பிறகு ராபர்ட் பாதர்ஸ்ட் வந்தார், ரசிகர்கள் பழக நாளானது. பனி, கணப்பு, சாப்பாடு, பழைய புத்தகக் கடை, வாய்த்துடுக்குள்ள ஒரு கிழட்டுக் கவிஞர் என்று அந்த ஊர் நன்றாகவே இருக்கும். ஆனால் பிரெஞ்சுப் பெயர்கள் காதில் சட்டென்று பிடிபடாது, முதல் புத்தகம் நகரவும் நேரம் எடுக்கும். பொறுமை இருந்தால் மட்டும்.

மனசு சரியில்லாத நாளுக்கு நான் கை காட்டுவது அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித்தின் 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி'. 1998-இல் வந்தது, அப்புறம் வளர்ந்து பெரிய தொடராகிவிட்டது. போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே என்ற பெண்மணி, அப்பா விட்டுப்போன மாடுகளை விற்ற காசில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பிக்கிறார். நிறுவனத்தின் மொத்தச் சொத்து என்ன என்று முதல் பக்கத்திலேயே கணக்குக் கொடுத்துவிடுகிறார்கள்: ஒரு குட்டி வெள்ளை வேன், இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு பழைய தட்டச்சு இயந்திரம், தேநீர்க் கெண்டி ஒன்று, குவளை மூன்று. ஒரு குவளை தனக்கு, ஒன்று காரியதரிசிக்கு, ஒன்று வாடிக்கையாளருக்கு. இந்தக் கணக்கைக் கேட்டதும் சிரிப்பு வந்தால் இந்தத் தொடர் உங்களுக்கானது, வராவிட்டால் மேற்கொண்டு போகாதீர்கள், கடைசிவரை இதே நிதானம்தான்.

முதல் வழக்கைக் கேளுங்கள். நல்ல வேலையில் இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒருநாள் ஒரு ஆள் வந்து, நான்தான் சின்ன வயதில் உன்னை விட்டுப் போன அப்பா என்கிறார். வந்தவர் போகிற வழியாக இல்லை, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அவளை வேலை வாங்கிக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிடுகிறார். நிஜ அப்பாவா, சோற்றுக்கு வந்தவரா? மரபணுச் சோதனை, கைரேகை எதுவும் கிடையாது. ஒரு நர்ஸ் உடுப்பையும் தன் வாய்ச் சாமர்த்தியத்தையும் வைத்தே ரமோட்ஸ்வே விஷயத்தை முடிக்கிறார், எப்படி என்று சொல்ல மாட்டேன். இப்படித் தனித்தனி வழக்குகளாகப் போவதால் காதுக்கு ரொம்பச் சௌகரியம். இரண்டு நாள் விட்டுவிட்டு வந்தாலும் முன்கதை மறந்துபோகிற பயம் இல்லை. ஒரு விஷயம் மட்டும்: காணாமல் போன ஒரு சிறுவன், மாந்திரீகம் என்று முதல் புத்தகத்தில் ஒரு இருண்ட சரடும் ஓடுகிறது, ரமோட்ஸ்வேயின் முன்னாள் கணவன் வருகிற பகுதியும் லேசானதில்லை. அட்டையைப் பார்த்துவிட்டு முழுக்க வெல்லப்பாகு என்று நினைத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம்.

லிசெட் லெகாட் வாசித்த பதிப்பைத் தேடி எடுங்கள். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், செட்ஸ்வானா மொழிப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்கிறார். பெண்களை 'ம்மா' என்றும் ஆண்களை 'ர்ரா' என்றும் மரியாதையாக விளிக்கிற ஊர் அது; அச்சில் வெறும் இரண்டு எழுத்தாகத் தெரிகிற அந்த ம்மாவை அவர் இழுத்துச் சொல்லும்போது ஒரு இடத்தில் கோபம், ஒரு இடத்தில் சமாதானம், இன்னொரு இடத்தில் 'உன்னை நான் நம்பவில்லை' என்று மூன்று அர்த்தம் வருகிறது. எழுதியவர் வெள்ளைக்காரர், எடின்பரோவில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர், போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டமும் கற்பித்திருக்கிறார். நாட்டை ரொம்ப அழகாக்கிக் காட்டுகிறார் என்று ஒரு விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் தப்பித்துப் போக ஒரு இடம் தேடுகிற நாளில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி அகதா கிறிஸ்டி. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறவர், ஆனால் காதுக்கு என்று வரும்போது பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 1926-இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலைத் தயவுசெய்து முதல் தடவை காகிதத்திலேயே படியுங்கள். தொலைக்காட்சியில் துப்பறிவாளர் புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸாக நடித்த ஹியூ ஃபிரேசர் அதை அருமையாகத்தான் வாசித்திருக்கிறார், அவர் மேல் பழியில்லை. ஆனால் கடைசி அத்தியாயம் முடிந்ததும் முன்னால் கடந்துவந்த சில வாக்கியங்களைத் தேடிப்போய்ப் பார்க்கக் கை பரபரக்கும், அந்தச் சுகத்தை ஏன் இழக்க வேண்டும்? 'அண்ட் தென் தேர் வேர் நன்' கதையில் தொல்லை வேறு. முதல் அத்தியாயத்திலேயே தீவுக்குக் கிளம்பும் எட்டுப் பேரை வரிசையாக அறிமுகம் செய்கிறார்கள், நீதிபதி, டாக்டர், ஜெனரல் என்று. பஸ் சத்தத்தில் யார் யார் என்று பிடிபடுவதற்குள் முதல் ஆள் செத்துவிடுவார். எட்டுப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டால் சரியாக வரும்.

அவருடைய புத்தகங்களில் காதுக்கென்றே எழுதியது மாதிரி இருப்பது 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்', 1932. முதல் சில கதைகளில், துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளின் வீட்டில் சில பேர் செவ்வாய்க்கிழமை கூடி, ஆளுக்கொரு மர்மத்தைச் சொல்ல, மற்றவர்கள் விடை சொல்லிப் பார்க்கிறார்கள். மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கும் கிழவி கடைசியில் விடையைச் சொல்லிவிடுவாள். யாரோ வாய்விட்டுச் சொல்கிற கதைதான் அநேகமாக எல்லாமே, ஒவ்வொன்றும் ஒரு நடைப்பயிற்சிக்குள் முடிந்துவிடும். பிபிசி தொடரில் மார்ப்பிளாக நடித்த ஜோன் ஹிக்சன் வாசித்த பதிப்பு இருக்கிறது, அதை விடாதீர்கள். பத்திரிகைச் சிறுகதையாகப் பிறந்தவை என்பதால் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளும் இதே போலத்தான். ஸ்டீபன் ஃபிரை எல்லாவற்றையும் சேர்த்து வாசித்த தொகுப்பு 2017-இல் ஆடிபிள் என்ற ஒலிப்புத்தகச் சேவையில் வந்தது, எழுபது மணி நேரத்தைத் தாண்டும். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் தன்னார்வலர்கள் வாசித்தது இலவசமாகக் கிடைக்கும், தரம் ஆளுக்கு ஆள் மாறும், எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது என்றால், இருக்கிறது, ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுஜாதாவின் கணேஷ்-வசந்த் உரையாடல்களை விடக் காதுக்குத் தோதானது என்ன இருக்க முடியும்? தேவனின் துப்பறியும் சாம்பு மாதிரி, அசட்டு அதிர்ஷ்டத்தால் கேஸைக் கண்டுபிடிக்கிற ஆள் எந்த மொழியில் உண்டு? ஆனால் நான் சந்தா கட்டிய ஒரு செயலியில் எடுத்த மர்ம நாவலில் கதவு திறந்தால் கிரீச், யாராவது யோசித்தால் வயலின், கொலை என்ற வார்த்தை வந்தால் இடி. வாசித்தவர் நல்ல குரல்காரர், பாவம், இடிக்கு நடுவே கத்திக்கொண்டிருந்தார். இன்னொன்றில் முழு நாவலைப் பத்துப் பத்து நிமிடத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அடுத்ததற்குக் காசு கேட்டார்கள். ஒரு குரல், ஒரு நாற்காலி, ஒரு நல்ல மைக், நடுவில் சங்கீதம் வேண்டாம், இவ்வளவுதான் கேட்கிறேன்.

சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து பக்கம் இருப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் முன் உங்கள் ஊர் நூலக அட்டையை வைத்து லிப்பி செயலியில் பாருங்கள், இந்தப் புத்தகங்களில் பல அங்கே இரவலாகக் கிடைக்கும். ஆஸ்மனுக்கு மட்டும் வரிசை நீளமாக இருக்கும். அதில் பெயரைப் போட்டுவிட்டு ரமோட்ஸ்வேயை ஆரம்பியுங்கள். வேகத்தை மட்டும் ஏற்றாதீர்கள், லெகாட்டை ஒன்றரை மடங்கில் கேட்பது பாவம்.