கும்மிடிப்பூண்டி சைனீஸ் கிளாஸ்: தமிழ் வழியா இலக்கணம் புரியணும்னா இங்க போங்க

ஸ்ரீசிட்டி, தடா பக்கம் வேலை பாக்குறவங்க சைனீஸ் எங்க கத்துக்கலாம்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் எழுதுறேன். பஜார் பக்கம் மாடில ஞாயித்துக்கிழமை நடக்குற கிளாஸ் இது, நம்ம ஊர் அக்கா ஒருத்தங்கதான் எடுக்குறாங்க, படிக்கிறவங்க தமிழும் தெலுங்கும் கலந்துதான்.

அக்கா இங்கிலீஷ் பக்கமே போகல, நேரா நம்ம பாஷைல இருந்து ஆரம்பிக்கிறாங்க. எழுவாய் சூ யூ, பயனிலை வெய் யூ, செயப்படுபொருள் பின் யூ, முதல்ல இந்த மூணு மட்டும்தான். நமக்கு வினை கடைசில வரும், அவங்களுக்கு செயப்படுபொருளுக்கு முன்னாடியே வந்துடும், 'வோ ஹ சா'ன்னா நான் குடிக்கிறேன் டீ. தமிழ்ல 'பூனையை நாய் துரத்துச்சு'ன்னு எப்படி மாத்திப் போட்டாலும் ஓடுனது பூனைதான்னு அந்த 'ஐ' காட்டிக் குடுத்துடும், சைனீஸ்ல வேற்றுமை உருபே கிடையாது, எடம் மாறுனா துரத்துறது பூனை ஆயிடும். இதுக்கு அவங்க நிறைய நேரம் ஒதுக்குனாங்க, அதுதான் சரி, மத்ததெல்லாம் இதுமேலதான் நிக்குது.

அப்புறம் நமக்கு ஈஸியான விஷயமெல்லாம் வருது பாருங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்! எப்போ, எங்கங்குறதெல்லாம் நம்மள மாதிரியே வினைக்கு முன்னாடி, 'வோ ட்ஸாய் ஜியா ஹ சா', நான் வீட்ல குடிக்கிறேன் டீ. 'தா ஹென் காவ்', அவன் ரொம்ப உயரம், நடுவுல 'இஸ்' எல்லாம் வேணாம். ஆனா 'அவர் வாத்தியார்'னு சொல்லணும்னா 'ஷ்ர்' போட்டே ஆகணும், கிளாஸ்ல பாதிப் பேர் விடுறது இதத்தான். கேள்விக்கு கடைசில 'மா' ஒட்டுனா போதும். 'நீ லாய் மா', 'வருவியா', 'வஸ்தாவா'ன்னு மூணையும் போர்டுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுனாங்க, தமிழ் ஆளுக்கும் தெலுங்கு ஆளுக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சுது. 'பா' வாக்கியம் இன்னும் அருமை, 'வோ பா சா ஹ லெ', நான் டீயைக் குடிச்சிட்டேன், செயப்படுபொருள் நம்ம வரிசைக்கே வந்துடுது!

குறைன்னா பூ யூ. வினைக்குப் பின்னாடி வந்து அது எப்படி நடந்துச்சுன்னு சொல்ற பகுதி, 'தா பாவ் தெ ஹென் குவாய்', அவன் ஓடுறது ரொம்ப வேகம். இதுதான் நமக்குப் புதுசு, இதப் போய் வேகமா முடிச்சிட்டாங்க, பயிற்சி இன்னும் நிறைய குடுத்திருக்கணும். ஹெச்எஸ்கேங்குற சைனீஸ் மொழித் தகுதிப் பரீட்சைக்கும் தனியா தயார் பண்றதில்ல, அது வேணும்னா சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.