வராத பணம், விபத்து வழக்கு இரண்டுக்கும் ‘பேக்கேஜ்’ தரும் ஆன்லைன் சட்ட சேவை: பணம் கட்டிவிடாதீர்கள்

சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். ரூ.68,000 போய்விட்டது. பணத்தைவிடப் பெரிய சேதமும் நடந்திருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் பத்துப் பேருக்கும் குறைவு, அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. பார்ட்ஸ் செய்து கொடுத்த கம்பெனி தந்த ரூ.4,20,000 செக் ரிட்டர்ன் ஆனது. அதே வாரத்தில், கான்ட்ராக்டர் மூலமாக வந்திருந்த பையனுக்கு பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றது செயலி வழியாக நடக்கும் ஒரு சட்ட சேவை.

ஏன் நம்பினேன் என்றால், போனில் பேசிய பெண் முதலில் கேட்டது “பையன் எப்படி இருக்கான் சார்?” என்றுதான். அந்த வாரம் என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் “எவ்வளவு செலவாகும், போலீஸ் கேஸ் ஆகுமா” என்றுதான் கேட்டார்கள். பையனைப் பற்றிக் கேட்டது அவர் ஒருவர்தான். “நீங்க ஆஸ்பத்திரியப் பாருங்க சார், பேப்பர் வேலையெல்லாம் எங்களோடது” என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று யு.பி.ஐ.-யில் ரூ.68,000 அனுப்பினேன்.

முதலில் செக். பேங்க் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயாக வேண்டும். எதிராளிக்கு நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். செக் ரிட்டர்னுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138-ஆவது பிரிவில் இதுதான் கணக்கு. மெமோவை அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். “டிராஃப்ட் ரெடி ஆகுது சார்” என்றே இழுத்து, கெடு முடிந்த பிறகு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். செக்கை மறுபடி போடலாம் என்றால் அதன் மூன்று மாத ஆயுளும் முடிந்துவிட்டது. அந்த செக்கை வைத்து இனி கிரிமினல் வழக்கு போட முடியாது.

இப்போது பார்க்கும் வக்கீல் முதல் நாளே கேட்டார்: “உத்யம் பதிவு இருக்கா?” சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு அது, எனக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கலாம். அதற்கென்றே உள்ள வசதியாக்கக் குழுவில் மனுப் போடலாம். இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காதவர்களுக்கு எதற்கு ரூ.68,000?

அடுத்தது எனக்கு வயிறு எரிகிற விஷயம். பையன் தரப்பிலிருந்து இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வந்தது. என்னிடம் காட்டாமலே, என் பெயரில் பதில் போட்டிருக்கிறார்கள்: “இவர் எங்கள் தொழிலாளி அல்ல. விபத்து இவருடைய கவனக்குறைவால் நடந்தது.” இரண்டுமே சட்டத்தில் நிற்காது. கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் நம் வேலையில் அடிபட்டால் இழப்பீடு நம் பொறுப்பு, கட்டிய பிறகு கான்ட்ராக்டரிடம் திரும்பக் கேட்கலாம். வெறும் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இதுதான் நிலை. தொகையில் தகராறு இருந்தால்கூட, ஒத்துக்கொள்கிற பங்கை உடனே கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. கொடுக்கத் தயாராக இருந்த என்னை “இப்ப எதுவும் குடுத்துடாதீங்க சார், கேஸ் வீக் ஆயிடும்” என்று தடுத்தவர்கள் இவர்கள்.

பையனின் அம்மா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்தார். “ரெண்டு வருசமா உங்ககிட்டதானே வேலை பாத்தான். யாருன்னே தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே சார்” என்றார். நான் எழுதவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் லெட்டர்ஹெட் அல்லவா அதில் இருக்கிறது!

அதற்குப் பிறகு அந்தப் பெண் போனை எடுக்கவே இல்லை. வேறொருவர் “சீனியர்ட்ட கேட்டுச் சொல்றோம்” என்றார். பிறகு “உங்க ஃபைல் வேற டீமுக்குப் போயிடுச்சு” என்றார்கள். பிறகு சாட்டில் “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று தானாக ஒரு செய்தி. எதைத் தீர்த்தார்கள்? ரூ.68,000-ஐத் திருப்பிக் கேட்டதற்கு, “சேவை தொடங்கிவிட்டதால் தொகை திரும்பத் தர இயலாது” என்று இரண்டு வரி மின்னஞ்சல்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு அவசரமாக இவ்வளவுதான்:

சட்ட சேவைக்காரர்கள் எழுதும் நோட்டீஸில் வக்கீல் பெயரும் பார் கவுன்சில் பதிவு எண்ணும் இல்லையென்றால் பணம் தராதீர்கள். எனக்காக எழுதியதில் ‘லீகல் டீம்’ என்று மட்டும்தான் இருந்தது. வக்கீல்கள் விளம்பரம் செய்து கேஸ் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆன்லைன் தளங்கள் வழியாக அது நடப்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே கண்டித்திருக்கிறது.

உங்கள் லெட்டர்ஹெட், கையெழுத்து ஸ்கேன் எதையும் அனுப்பாதீர்கள்.

செக் ரிட்டர்ன் ஆனால் அன்றைக்கே காலண்டரில் 30 நாளை எண்ணிக் குறித்து வையுங்கள்.

டபிள்யூ.சி. பாலிசி (தொழிலாளர் விபத்து இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ்) இருந்தால் விபத்து நடந்தவுடன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள், யார் வேண்டாம் என்று சொன்னாலும்.

புதுப் பதில் தாக்கல் செய்ய வேலைக்கு வந்த பதிவேடு, கூலி ரசீது எல்லாம் இன்றைக்கே வக்கீலிடம் கொடுக்க வேண்டும். கிளம்புகிறேன்.