மோட்டார் போட்டால் பிள்ளையார் வருவார்: மந்திரப் பெட்டியுடன் பதினான்கு மாதம்

வேலூர் லாங்கு பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு பூஜைச் சாமான் கடை. 380 ரூபாய் சொன்னார்கள். அத்தை ஒன்றும் பேசாமல் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். 320க்கு இறங்கியது.

சோப்பு டப்பா அளவு பிளாஸ்டிக் பெட்டி. முன்னால் சிவன் படம், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகச் சிவப்பு விளக்கு. முதுகிலேயே பிளக் இருப்பதால் நேராகச் சுவரில் செருகிவிடலாம். கம்பெனிப் பெயர் எங்கேயும் இல்லை. அட்டையில் '35 மந்திரங்கள்' என்று போட்டிருந்தது. பிளஸ் டூ படிக்கிற என் மகள் படிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து எண்ணினாள். 35 சரிதான், ஆனால் காயத்ரி மட்டும் மூன்று முறை வருகிறது. கடைசி ஏழு இந்தி பஜனை. அத்தை அதையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்பார். யார் சாமி என்று தெரியாது, "யாரா இருந்தா இன்னா, சாமிதானே" என்பார்.

சத்தம் சுமார். குறைந்தபட்சச் சத்தமே எதிர்வீட்டு வாசல் வரை கேட்கும். பாட்டு மாற்ற ஒரே ஒரு பொத்தான்தான், பின்னால் போக முடியாது. மூன்றாவது பாட்டிலிருந்து இரண்டாவதுக்கு வர வேண்டுமென்றால் மீதி 33ஐயும் தாண்டி ஒரு சுற்று வர வேண்டும். இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோய் முதல் பாட்டுக்கு வந்துவிடும். முதல் பாட்டு பிள்ளையார். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் மோட்டார் போட்டாலே வோல்டேஜ் இறங்கும். "தண்ணி ஏறுதோ இல்லியோ, பிள்ளையார் இறங்கிடுறாரு" என்பார் என் கணவர். மாடியில் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிற நாங்கள், கீழே பிள்ளையார் பாட்டு கேட்டதும்தான் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம். இதை ஒரு வசதி என்று அட்டையில் போட்டிருக்கலாம்.

இன்னொரு வசதியும் அட்டையில் இல்லை. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் செய்கிறவர்கள் பின்னணியில் மந்திரம் கேட்டதும், "கோயில்ல இருக்கீங்களா சார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது சாதாரண விஷயம் இல்லை. மாமா 1973 டிசம்பர் 24 அன்று, பெரியார் இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் இறந்தபோது, வாசலில் கூட்டத்தோடு நின்றவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இன்றைக்கும் கோயில் என்றால் வாசலோடு நின்றுகொள்வார். அத்தைக்கு வேறொரு தேதி. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் காலங்காலமாக மூலவர் இல்லாமல் கிடந்தது. "ஆறு இருக்கு தண்ணி இல்ல, மலை இருக்கு மரம் இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்ல" என்று வேலூரைக் கிண்டல் செய்ய அதுவும் ஒரு காரணம். சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16 அன்று கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தை அப்போது புதுப்பெண். "எங்க ஊர்ல இருந்துதான் போனாரு" என்று சாமியைத் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி சொல்லுவார். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது, "பாத்தீங்களா, கிண்டல் பண்ணதுல ரெண்டு போச்சு" என்று மாமாவிடம் விரல் மடக்கிக் காட்டினார். "மழை பெஞ்சா தண்ணி வரத்தான் செய்யும்" என்றார் மாமா.

ஆக, பெட்டி செருகின முதல் நாளே பஞ்சாயத்து. முடிவில் மாமா என் மகளின் நெயில் பாலிஷை வாங்கி, சத்தம் கூட்டுகிற திருகுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். அதைத் தாண்டக் கூடாது. அத்தை ஒப்புக்கொண்டார். பிரதோஷத்தன்று மட்டும் திருகு புள்ளியை அரை நூல் தாண்டி இருக்கும். மாமா அன்றைக்குக் கண்ணாடி போடாமல் நடமாடுவார்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டி ஊமையாகிவிட்டது. விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. அட்டையோடு கடைக்குப் போனேன். "வாங்கிட்டுப் போகும்போது பாடிச்சா இல்லியா? அதாம்மா வாரண்டி" என்றார் கடைக்காரர். சிரித்துவிட்டேன், அதனால் சண்டையும் போட முடியவில்லை.

நான்கு நாள் வீடு என்னவோ போல இருந்தது. காலையில் அலாரம் அடித்தும் யாருக்கும் எழ மனசில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை அத்தையே பாட ஆரம்பித்தார், தேவாரம். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் ராகம் பிசகவில்லை. நான் முள்ளுக் கத்தரிக்காய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். மூன்றாவது அடியில் அத்தைக்குச் சொல் மறந்துவிட்டது. மறுபடி முதலில் இருந்து பாடினார், அதே இடத்தில் நின்றார். கூடத்தில் விரித்த பேப்பருக்குப் பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தது. அத்தை பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பேப்பர் அசையவில்லை. "தமிழ்ப் பாடம். பத்தாம் வகுப்புல மனப்பாடப் பகுதி" என்றது பேப்பர். காம்பு முள் விரலில் குத்தியதுகூட அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் மாமா ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. கறுப்புப் பொட்டு மாதிரி ஒரு சிப், கைக்குள் அடங்கும் ஸ்பீக்கர், நாலு ஒயர். "வந்து பாரு, இவ்ளோதான் உன் சாமி" என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க மண்டையைத் தொறந்தாலும் இவ்ளோதான் இருக்கும், அதுக்கு நான் நாப்பத்தஞ்சு வருஷம் சோறு போடலியா" என்றார். ஸ்பீக்கர் ஒயர் விட்டிருந்தது. ஈயம் வைத்துப் பற்ற வைக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. பிள்ளையார் வந்தார். அப்புறம் டெஸ்டிங் என்று சொல்லி, முப்பத்தைந்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளி, இந்தி பஜனை வரைக்கும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

எனவே என் கணக்கு: சத்தத்துக்கு ஐந்தில் இரண்டு, பொத்தானுக்கு ஒன்று, ஒயர் வேலைக்கு ஒன்றுமில்லை. வாங்கலாமா என்றால் வாங்கலாம், வீட்டில் ஈயம் வைக்கத் தெரிந்த ஆள் இருந்தால். கடையில் செருகிக் காட்டச் சொல்லும்போதே ஸ்விட்சை இரண்டு தரம் அணைத்துப் போட்டுப் பாருங்கள், முதல் பாட்டு எந்தச் சாமி என்று தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் மோட்டார் போடும்போதெல்லாம் அவர்தான் வரப்போகிறார்.

குடியாத்தத்தில் இருக்கிற என் நாத்தனாருக்கும் ஒன்று வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போகிறோம். மாமாவும் வருகிறேன் என்கிறார், ஒயர் பார்த்து வாங்க. சட்டைப்பையில் நெயில் பாலிஷ் பாட்டிலை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்.