விறகு அடுப்பு விடியும் வரை நிற்கவில்லையா? புது அடுப்புக்குக் கையெழுத்துப் போட முதல் இதை வாசியுங்கள்

ஒன்ராறியோவில் நகரத்தை விட்டுத் தள்ளி வீடு வாங்கியிருப்பவர்கள், வாங்க யோசிப்பவர்கள் எல்லோரும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்த எங்கள் விறகு அடுப்பைச் செத்துப்போன அடுப்பு என்று சொல்லி, 5,000 டொலருக்கு மேல் கறக்கப் பார்த்தார்கள். விறகு விற்றவரும் தன் பங்குக்கு ஏமாற்றினார். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் உண்மை வெளிவர நாள் எடுத்தது.

எங்கள் வீடு பீட்டர்பரோவுக்கு வடக்கே, எரிவாயுக் குழாய் வராத ஒரு தெருவில் இருக்கிறது. புரொபேன் விற்கிற விலைக்கு அதை மட்டும் வைத்து வீட்டைச் சூடாக்கக் கட்டாது. ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஹோலில் இருக்கும் அடுப்புத்தான் எங்களுக்கு எல்லாம். கண்ணாடிக் கதவு, உள்ளே மேற்பக்கம் காற்றுக் குழாய்கள், ஏறத்தாழ 2 கன அடி கொள்ளும் எரியறை. பெரிய அடுப்பும் இல்லை, மோசமான அடுப்பும் இல்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு கம்பனியைக் கூப்பிட்டுப் புகைபோக்கியைத் துடைப்பித்தோம். வந்தவர் ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்து, பற்றுச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போனார். அதே கிழமை விறகும் வந்து இறங்கியது. 'இரண்டு வருடம் காய்ந்தது, முழுக்க ஹார்ட்வூட், மூன்று கோர்ட்' என்பது விற்றவரின் பேச்சு. ஹார்ட்வூட் என்றால் அகன்ற இலை மரங்களின் விறகு, கோர்ட் என்றால் விறகை அளக்கும் அலகு. காசை அப்போதே வாங்கிக்கொண்டார்.

குளிர் இறங்கியதும் தொல்லை தொடங்கியது. இரவு பத்தரைக்கு அடுப்பை நிரப்பி, காற்றுக் கட்டுப்பாட்டை முழுக்கக் குறைத்துவிட்டுப் படுப்போம். குறைத்தாலும் சுவாலை அடங்காது, உறுமிக்கொண்டே எரியும். ஒன்றரை, இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தால் சாம்பலும் ஒரு பிடி தணலும்தான் மிச்சம். பிள்ளைகளின் அறை குளிர்ந்து கிடக்கும். டிசம்பர் நடுவில், விறகு அடுக்கின் கீழ் வரிசைகளுக்கு வந்தபோது கதை தலைகீழானது. காற்றை முழுக்கத் திறந்து வைத்தாலொழிய விறகு பிடிக்கவே இல்லை. கட்டைகளின் நுனியில் நுரை தள்ளும், உஸ்ஸென்று சத்தம் வரும், கண்ணாடி கறுத்துப்போகும். காலையில் பார்த்தால் பாதி கரிந்த கட்டைகள் அப்படியே கிடக்கும்.

துடைத்த கம்பனியையே திரும்பக் கூப்பிட்டோம். அதே ஆள் வந்தார். அடுப்பைத் திறந்து ரோச் அடித்தார். அடுக்கி வைத்த விறகை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, எத்தனை மணிக்கு நிரப்புகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே பக்கவாட்டில் இருந்த ஒரு நெருப்புச் செங்கல்லின் வெடிப்பைக் காட்டி, "அடுப்பு வெடித்துவிட்டது. இனி இதில் காற்றைக் கட்டுப்படுத்த ஏலாது. கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் நித்திரையிலேயே போய்விடுவார்கள்" என்றார். பிள்ளைகளின் பெயரைச் சொன்ன பிறகு எந்தத் தாய் தகப்பன் வாதாடுவார்கள்? அங்கேயே டப்லெட்டை நீட்டினார். புது அடுப்பு, பொருத்தும் கூலி, பழையதை ஏற்றிப்போகும் கூலி எல்லாம் சேர்த்து 5,000 டொலருக்கு மேல். 'இன்றைக்கு மட்டும்' ஒரு கழிவு. கையெழுத்தும் முற்பணமும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில் காப்புறுதிக் கம்பனி 'வெட்' (WETT) ஆய்வு அறிக்கை, அதாவது விறகு அடுப்பும் புகைபோக்கியும் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தரும் அறிக்கை, கேட்டது எங்கள் நல்ல காலம். கனடாவில் விறகு அடுப்பு உள்ள வீடுகளுக்கு இந்த அறிக்கையைக் கேட்பது வழமை. அதற்கு வேறொருவரைப் பிடித்தோம். அவர் அடுப்பு விற்பதில்லை, ஆய்வு மட்டும்தான் செய்கிறார்.

மனிதர் வந்து முதலில் விறகைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். வெடித்த செங்கல்லைக் கையால் கழற்றி, அதன் பின்னால் இருந்த உருக்குச் சுவரைத் தட்டித் தடவிக் காட்டினார். சுவரில் ஒரு கீறல் இல்லை. செங்கல் வெடிப்பது சாதாரணம், இடத்தில் இருக்கும் வரை பயமில்லை, மாற்றினாலும் சில டொலர்தான் என்றார். அடுப்பின் உடம்பில் வெடிப்பு வந்தால்தான் ஆபத்து. முதல் ஆள் அந்தச் செங்கல்லை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து, கதவு எப்படி மூடுகிறது என்று பார்க்கப் புகை வருகிற ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மனைவி சாமியறையிலிருந்து ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே சிறு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மூடிய கதவின் விளிம்போடு குச்சியை மெதுவாக நகர்த்தினார். மேல் விளிம்பில் புகை நேராக எழும்பியது. பிணைச்சல் பக்கம் கீழ் மூலைக்கு வந்ததும், யாரோ வாய் வைத்து உறிஞ்சுவதுபோல் புகை மடங்கி அடுப்புக்குள் போனது. நெருப்பு அடங்கி ஆறிய பிறகு கதவைத் திறந்து, விளிம்பைச் சுற்றி ஓடும் கண்ணாடியிழைக் கயிற்றை, அதுதான் காஸ்கெட், விரலால் அழுத்திக் காட்டினார். தட்டையாகி, கல்லுப்போல் இறுகி, அந்த மூலையில் மூன்று விரல் நீளத்துக்குக் கயிறே இல்லை. வருடக்கணக்காக மாற்றப்படாத கயிறு.

அவர் போன பிறகு மனைவி கணினியில் பழைய பற்றுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "இஞ்சருங்கோ, உதில என்ன போட்டிருக்கெண்டு பாருங்கோ." நாலாவது வரியில் 'கதவு காஸ்கெட் மாற்றியது, 140 டொலர்' என்று இருந்தது. மாற்றாத கயிற்றுக்குக் காசு வாங்கியவர், அந்தக் கயிற்றால் வந்த கோளாறைக் காட்டியே புது அடுப்பு விற்க வந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கயிறு போனால் நடப்பது இதுதான். காற்றுக் கட்டுப்பாடு என்பது அடுப்புக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கும் ஒரே வழி. கதவு ஒழுகினால் காற்று வேறு வழியால் போகிறது, கட்டுப்பாட்டை எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை. ஆறு மணித்தியாலம் போக வேண்டிய விறகு மூன்றில் முடியும், சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கியால் வெளியே போய்விடும். குளிர் கூடக் கூடப் புகைபோக்கியின் இழுவையும் கூடும், ஒழுகலும் கூடும். எங்கள் முதல் மாதக் கதை முழுக்க இதுதான். இரண்டாவது கதைக்குக் காரணம் விறகு.

விறகில் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் சிறிய மீற்றர் வன்பொருள் கடையில் 40 டொலருக்குள் கிடைக்கும். ஆனால் கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தால் அது காய்ந்ததாகத்தான் காட்டும். வெளியே உறைந்து கிடந்த கட்டையில் குத்தினாலும் கணக்குப் பிழைக்கும். கட்டையை உள்ளே கொண்டுவந்து, அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், மரத்தின் நார் ஓடும் திசையில் இரண்டு ஊசியையும் அழுத்த வேண்டும். எங்கள் விறகில் வெளிப்புறம் 17 காட்டிய கட்டையைப் பிளந்தபோது 34 காட்டியது. மேல் வரிசைகளில் நல்ல காய்ந்த ஆஷ், கீழே அந்த வருடம் வெட்டிய மேப்பிள், இடையிடையே பொப்லர். அகன்ற இலை மரம் என்பதால் பொப்லரையும் ஹார்ட்வூட் கணக்கில் சேர்த்து விற்கிறார்கள். அதே கன அளவில் அது தரும் வெப்பம் சுகர் மேப்பிள் தருவதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், கெதியாக எரிந்தும் போய்விடும். ஓக் சொல்லி விற்றால் இன்னும் கவனம். பிளந்து அடுக்கிய ஓக் சரியாகக் காய இரண்டு கோடைகாலமாவது வேண்டும்.

அளவிலும் விளையாடியிருந்தார். முழு கோர்ட் என்றால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி. எங்களுக்கு வந்தவை 4 அடி உயரம், 8 அடி நீளம், ஆனால் 16 அங்குலக் கட்டைகளின் மூன்று ஒற்றை வரிசைகள். இப்படி ஒரு வரிசையை ஃபேஸ் கோர்ட் என்பார்கள், முழு கோர்ட்டில் மூன்றில் ஒன்று. மூன்று கோர்ட்டுக்குக் காசு கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறோம். விறகு அளவில் ஏமாற்றுவதற்கு எதிராக மெஷர்மென்ட் கனடா என்ற மத்திய அரசு அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். வாங்கும்போதே எத்தனை கன அடி என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள், அடுக்கி அளந்த பிறகு காசைக் கொடுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய முடிந்தது. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். மின்னஞ்சலில் எழுதி அனுப்பினோம். தொலைபேசியில் முதலில், 'அடுப்புக்கு ஓடர் கொடுத்தாயிற்று, முற்பணம் திரும்பாது' என்றார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லித் திரும்ப எழுதியதும் முற்பணம் வந்தது. காஸ்கெட்டுக்கு எடுத்த 140 டொலர் இன்னும் வரவில்லை. ஆய்வாளரின் படங்களோடு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். புது அடுப்பு விற்க வந்த அந்த முதல் ஆளின் கழுத்திலும் சான்றிதழ் அட்டை தொங்கியது. அட்டையைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கழற்றிய பழைய கயிற்றைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அடுப்பும் கெதியாக அணைந்தால், யாரையும் கூப்பிட முதல் ஒரு கட்டையைப் பிளந்து ஈரம் பாருங்கள். ஆறிய அடுப்பின் கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும். சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு போய்விட்டது. சாம்பல் தட்டுக்குத் தனிக் கதவு இருந்தால் அதையும் மறக்காதீர்கள், அங்கேயும் ஒழுகும். இன்னொன்று, எங்கள் அளவு அடுப்பில் இரவு முழுக்கச் சுவாலை நிற்காது. முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் சுவாலை, அதன் பிறகு தணல். ஆறிலிருந்து எட்டு மணித்தியாலத்தின் பின் புது விறகைப் பற்றவைக்கத் தணல் இருந்தால் அடுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஈர விறகைப் போட்டுவிட்டு நீண்ட நேரம் எரியட்டும் என்று காற்றை அடைத்துவிட வேண்டாம். புகைபோக்கியில் தார்போலப் படிவு சேர்ந்து, பிறகு அதுவே தீப்பிடிக்கும். கார்பன் மொனொக்சைட் அலாரம் எந்த நிலையிலும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அதில் மட்டும் முதல் ஆள் சொன்ன பயம் நியாயமானது.

எங்கள் அடுப்புக்குப் புதுக் கயிறும் ஒட்டும் பசையும் 30 டொலருக்குள் வந்தன. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, கயிற்றை இழுக்காமல் பள்ளத்தில் படிய வைத்து ஒட்டினோம். இழுத்து ஒட்டினால் கயிறு மெலிந்து மறுபடி ஒழுகும். கயிற்றின் தடிப்பு அடுப்புக்கு அடுப்பு வேறு, உங்கள் அடுப்பின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். ஈர மேப்பிளை வெயிலும் காற்றும் படுகிற இடத்தில், மேலே மட்டும் மூடி, அடுத்த வருடத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறோம். மிச்சக் குளிருக்கு வேறொருவரிடம் ஆஷ் வாங்கினோம். அவர் எங்கள் கண் முன்னாலேயே ஒரு கட்டையைப் பிளந்து, 'மீற்றரைக் கொண்டு வந்து குத்திப் பாருங்கள்' என்றார்.