பில்லில் 'பிஓஇ' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது: சிசிடிவி போடுகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்கோ தோப்புக்கோ சிசிடிவி கேமரா போடப் போகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பு வீட்டில் ஒரு கடைக்காரர் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது இதே வேலை வேறு சில வீடுகளிலும் நடந்திருப்பது தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தோப்பு வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றியும், களத்திலும், மோட்டார் ரூம் பக்கமும் கேமரா வேண்டும் என்று முடிவு செய்தோம். மோட்டார் ரூம் வீட்டிலிருந்து சுமார் 70 மீட்டர் தூரம். அங்கே பிளக் பாயிண்ட் இருக்கிறது, ஆனால் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும், கரண்ட் போனால் கேமராவும் போய்விடும். ஒவ்வொரு கேமராவுக்கும் தனியாக ஒரு அடாப்டர், அதை மழையில் நனையாமல் வைக்க ஒரு பெட்டி என்று போவதும் தலைவலி. அதனால் பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) முறையில்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னோம். அதில் நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே படமும் வரும், கேமராவுக்கு வேண்டிய மின்சாரமும் போகும். எல்லாக் கேமராக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற நெட்வொர்க் கருவி வீட்டுக்குள் இருக்கும், அதற்கு ஒரு யுபிஎஸ் கொடுத்தால் எல்லாக் கேமராவும் கரண்ட் இல்லாதபோதும் ஓடும்.

கொட்டேஷனில் 'பிஓஇ ஸ்விட்ச், கேட்-6 கேபிள், பிஓஇ கேமரா' என்று எழுதிக் கொடுத்தார். கேட்-6 என்பது நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம். விலையும் அதற்கேற்ற விலைதான் வாங்கினார். ஜிஎஸ்டி பில்லிலும் அதே வார்த்தைகள்.

மாட்டிக் கொடுத்த அன்று பகலில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இருட்டியதும் மோட்டார் ரூம் கேமரா அணைந்து அணைந்து வந்தது. களத்துக் கேமராவும் அப்படித்தான். விடிந்தால் இரண்டும் ஒழுங்காக ஓடும். திருட்டுக்குப் பயந்து போட்ட கேமரா ராத்திரியில் மட்டும் வேலை செய்யாது என்றால் எதற்கு அது? போன் செய்தால், "கேமராவே கோளாறுங்க ஐயா, வேற மாடல் மாத்திக்கலாம்" என்று அப்பாவிடம் சொல்லி, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார். புதுக் கேமராவும் ராத்திரியானால் அதே மாதிரி அணைந்தது.

நான் ஊருக்குப் போனபோது ஸ்விட்ச் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது பிஓஇ ஸ்விட்சே இல்லை. சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச், பக்கத்தில் ஒரு 12 வோல்ட் பவர் சப்ளை. கேபிளில் டேட்டாவுக்குப் பயன்படாத நான்கு கம்பிகள் வழியாக அந்த 12 வோல்ட்டை அனுப்பி, கேமரா முனையில் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் ஒயர் போட்டுப் பிரித்து, கேமராவில் அடாப்டர் செருகும் டிசி பின்னில் செருகியிருந்தார். இதுவும் கேபிள் வழியாகப் போகும் மின்சாரம்தானே என்று வாதாடினார். பத்துப் பதினைந்து மீட்டருக்கு இது ஓடிவிடும். 70 மீட்டருக்கு ஓடாது.

ஏன் ஓடாது என்பது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பகலில் இந்த மாதிரிக் கேமரா 3 வாட் அளவுக்கு எடுக்கும். இருட்டியதும், ராத்திரியில் படம் தெரிவதற்கான ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், 6 வாட் பக்கம் போய்விடும். 12 வோல்ட்டில் 6 வாட் என்றால் அரை ஆம்பியர். கம்பியின் தடையால் வழியிலேயே வோல்டேஜ் கரைந்து, கேமராவுக்குப் போய்ச் சேரும்போது 7 வோல்ட் சொச்சம்தான் மிச்சம். நீளமான ஓஸ் பைப்பின் கடைசி முனையில் தண்ணீர் சொட்டுகிற கதை. இந்தக் கேமராக்களுக்குக் குறைந்தது 9 வோல்ட்டாவது வேண்டும். அணைந்ததும் சுமை குறையும், வோல்டேஜ் ஏறும், மறுபடி உயிர் வரும், ஐஆர் எரிந்ததும் மறுபடி அணையும். விடிய விடிய இதுதான் நடந்திருக்கிறது. உண்மையான பிஓஇ 48 வோல்ட் அளவில் அனுப்புகிறது. அதே 6 வாட்டுக்கு ஓர் ஆம்பியரில் எட்டில் ஒரு பங்கு போதும், 70 மீட்டரில் ஒரு வோல்ட் அளவுதான் இழப்பு.

கேபிளிலும் ஏமாற்று. நுனியைச் சீவி, கம்பியைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு அது, கடைகளில் சிசிஏ என்பார்கள். தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நாலைந்து முறை மடக்கினால் முறிந்துவிடும். கேட்-5இ, கேட்-6 தரங்கள் முழுச் செம்புக் கம்பியைத்தான் கேட்கின்றன. அலுமினியத்தை வைத்துக்கொண்டு மேலே கேட்-6 என்று அச்சடிப்பதே பொய். மின்சாரம் போகாத இடத்தில் இதை வைத்து எப்படியோ சமாளிப்பார்கள். மின்சாரமும் போகிற இடத்தில் இதைப் போட எந்த நியாயமும் கிடையாது.

இதையெல்லாம் காட்டி, "அண்ணா, பில்லில் எழுதினதைக் கொடுங்கள்" என்று கேட்டேன். ஆளை அனுப்பி, "இது ஒரிஜினல் பிஓஇ" என்று வேறொரு ஸ்விட்ச் மாட்டினார். கேபிளை மாற்றவில்லை. 48 வோல்ட் ஸ்விட்ச் என்பதால் கேமராக்கள் ராத்திரியிலும் ஓட ஆரம்பித்தன. இங்கேதான் பெரிய ஆபத்து. மாட்டிய ஆள் வீட்டு இன்டர்நெட் ரவுட்டரையும் அந்த ஸ்விட்சின் ஒரு போர்ட்டில் செருகிவிட்டுப் போனார். ரவுட்டர் செத்துப்போனது. கேட்டதற்கு மின்னல் அடித்திருக்கும் என்றார்கள். அந்த வாரம் ஒரு துளி மழை இல்லை.

2003இல் வந்த 802.3ஏஎஃப் (802.3af) என்ற பிஓஇ தரத்திலிருந்தே ஒரு விதி இருக்கிறது: கேட்காத கருவிக்கு மின்சாரம் அனுப்பக் கூடாது. ஸ்விட்ச் முதலில் 10 வோல்ட் அளவுக்குள் சின்ன வோல்டேஜ் கொடுத்துப் பார்க்கும். எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை தெரிந்தால்தான், 'இது பிஓஇ கருவி' என்று உறுதி செய்துகொண்டு முழு வோல்டேஜைத் திறக்கும். அதனால்தான் தரமான பிஓஇ ஸ்விட்சில் லேப்டாப்பையோ ரவுட்டரையோ தவறிச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. எங்களுக்கு மாட்டியது 'பேசிவ்' வகை. எதையும் சோதிக்காது, எந்நேரமும் 48 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எதுவும் இணைக்காத ஒரு போர்ட்டில் கேபிளைச் செருகி, மறுமுனையின் 4, 5 கம்பிகளுக்கும் 7, 8 கம்பிகளுக்கும் நடுவே வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். நிலையாக 48 காட்டியது. பேசிவ் வகைக்கும் அதற்கான இடம் உண்டு, சில வயர்லெஸ் கருவிகள் 24 வோல்ட் பேசிவில்தான் ஓடும். ஆனால் வீட்டில் நாலு பேர் எதை எங்கே செருகுவார்கள் என்று தெரியாத இடத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் மாட்டிவிட்டுப் போவது பெரிய தப்பு.

தொலைவு பற்றி இன்னொன்று. சிசிடிவி ஸ்விட்ச் சிலவற்றில் '250 மீட்டர்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டிவிட்டால் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். இந்த நெட்வொர்க் (ஈதர்நெட்) கேபிளுக்கு வழக்கமான எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் என்றால் எப்படிச் செய்யப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொட்டேஷனில் ஸ்விட்சின் மாடல் எண்ணோடு 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி (802.3at) என்று எழுதச் சொல்லுங்கள். முதலாவதில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 2009இல் வந்த இரண்டாவதில் 30 வாட் வரை. ஸ்விட்சின் மொத்த வாட் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். எட்டு போர்ட் இருக்கும், மொத்தமாகக் கொடுப்பது 60 வாட்டாக இருக்கும். சின்னக் கேமராக்களுக்கு அது போதும், சுழலும் கேமரா இருந்தால் போதாமல் போகலாம். கேபிளுக்கு நேரே 'முழுச் செம்பு' என்று எழுத்தில் வாங்குங்கள். கேபிள் வந்து இறங்கியதும், குழாய்க்குள் இழுப்பதற்கு முன், அவர்கள் முன்னாலேயே நுனியைச் சுரண்டிப் பாருங்கள். சுவரில் பூசிய பிறகு அதை மாற்ற எவரும் வர மாட்டார்கள்.

நாங்கள் வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். இப்போது ஒழுங்காக ஓடுகிறது, செலவுதான் இரட்டிப்பு. பழைய ஸ்விட்சையும் கேபிள் துண்டுகளையும் பில்லோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். கடைக்காரர் பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் பேசிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒரு ஸ்விட்ச் இருந்து, மேலே பிராண்டோ மாடல் எண்ணோ இல்லாமல் வெறும் 'பிஓஇ' என்று மட்டும் அச்சடித்திருந்தால், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும்வரை அதில் லேப்டாப்பையோ டிவியையோ செருகாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.