முழங்கால் ஜெல் ஊசி: மூன்றாண்டு அனுபவம்

மொரிஷியசின் காத்ர் போர்ன் நகரில், கோர் த கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் படியேறி வந்தவள் நான். 58 வயதில் வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் இரண்டாம் நிலையை எட்டியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் உயிர் போகும்.

வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதால், தனியார் மருத்துவமனை ஒன்றில் ஜெல் ஊசி எனப்படும் ஹையலூரானிக் அமில ஊசியை வாரம் ஒன்றாக மூன்று முறை போட்டுக்கொண்டேன். நம் மூட்டுநீரில் இயல்பாகவே உள்ள இந்த அமிலம், தேய்மானத்தால் நீர்த்துப்போகும்போது வெளியிலிருந்து செலுத்தப்படுகிறது. சில மருந்துகள் சேவற்கொண்டையிலிருந்தும் சில நுண்ணுயிர் நொதிப்பிலிருந்தும் தயாராகின்றன. விரதம் இருப்பவள் என்பதால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதித்தேன். கோழி, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அவசியம் கேட்க வேண்டும்.

மருத்துவர் முதலில் வைக்கோல் நிறத்தில் தேங்கியிருந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, முழங்கால் சில்லின் ஓரமாக ஊசியை இறக்கினார். தேன்போலக் கெட்டியான மருந்து மெல்ல மெல்ல இறங்க, மூட்டுக்குள் ஓர் அழுத்தம் பரவியது. 48 மணி நேரம் காலுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் ஊசியன்று நேராகச் சந்தைக்குப் போய்வந்தேன்; அன்றிரவு முழங்கால் பந்துபோல் வீங்கியது.

ஐந்தாம் வாரத்தில்தான் படி இறங்குவது இலகுவானது. அந்த நிம்மதி ஏழு மாதம் நீடித்தது. இரண்டாம் சுற்றாக மறுபடி போட்டபோது நான்கு மாதத்துக்குமேல் தாங்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கும் நாட்டில் கைக்காசைக் கொட்டிய எனக்கு அது பெரிய ஏமாற்றம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2022இல் வெளியிட்ட, 169 ஆய்வுகளைத் தொகுத்த அலசலும், மருந்தில்லாத போலி ஊசியைவிட இதனால் குறையும் வலி மிகச் சிறிது என்றும் கடுமையான பக்கவிளைவுகள் சற்றுக் கூடுதல் என்றும் கூறுகிறது.

என்னை யோசிக்க வைத்தது இடது முழங்கால்தான். அதுவும் லேசாக வலித்துக்கொண்டிருந்தது. ஊசி எதுவும் போடவில்லை. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை இரு கால்களுக்கும் நாள்தோறும் செய்தேன். ஆறு கிலோ எடையும் குறைத்தேன். இடது கால் வலதுக்குச் சற்றும் குறையாமல் தேறிவிட்டது. ஆகவே முதல் ஏழு மாத நிம்மதி முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாம் சுற்று ஊசி வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். பயிற்சியைத் தொடர்கிறேன். இவ்வாண்டு தைப்பூசத்தன்று கைப்பிடியைப் பற்றி, ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலிக்கும் காலையும் முன்வைத்துப் போய்வந்தேன்.