மணியோசை பணமான கதை: மெட்டாடேட்டா வேலையை வெளியே கொடுக்கும் முன்

சாலிகிராமத்தில் சிறிய அறை ஒன்றை வைத்துக்கொண்டு திரைப்பட ஒலித்தொகுப்பு செய்பவன் நான். பதினைந்து ஆண்டுகளாக நானே மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்து சேர்த்த ஒலிகள் 6,400 கிளிப்புகள் இருக்கின்றன. மழை, மாட்டுவண்டி, கோயில் மணி, மாநகரப் பேருந்தின் கதவு என்று எல்லாம் உண்டு. இல்லாதது ஒழுங்கு மட்டும்தான். கோப்புகளுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை அவசரமாகத் தட்டி வைத்திருந்தேன். இயக்குநர் அருகில் உட்கார்ந்துகொண்டு "அந்த மரக்கதவு ஒலியைப் போடுங்கள்" என்றால், தேடியே அரைமணி நேரம் ஓடிவிடும்.

இந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனம் வந்தது. ஒவ்வொரு கிளிப்பையும் காதால் கேட்டு, விவரம் எழுதி (இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள்), 2020இல் வெளியான யூனிவர்சல் கேட்டகரி சிஸ்டம் என்ற ஒலி வகைப்பாட்டின்படி பிரித்துத் தருவதாகச் சொன்னார்கள். கிளிப்புக்கு 9 ரூபாய், மொத்தம் 57,600. பாதி முன்பணம். ஹார்டு டிஸ்க்கை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். நகலைக் கொடுக்கவில்லை, மூலத்தையே கொடுத்தேன். இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

மூன்றாம் வாரம் அவர்கள் மடிக்கணினியில் செய்து காட்டினார்கள். மழை என்று ஆங்கிலத்தில் தட்டினால் மழைகள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீளமான விவரம். மனம் குளிர்ந்து போய் மீதிப் பணத்தில் பெரும்பகுதியையும் கொடுத்துவிட்டேன். டிஸ்க்கை என் கணினியில் மாட்டினால் விவரக் கட்டங்கள் எல்லாம் காலி.

தொலைபேசியில் கேட்டேன். "சார், அது எங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது. கோப்புக்குள் பதிக்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம், கிளிப்புக்கு 4 ரூபாய்."

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒலி நூலக மென்பொருளின் திரையில் தெரியும் விவரம் அந்த மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கலாம். நமக்கு வேண்டியது ஒலி இருக்கும் வேவ் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட விவரம். அதற்கென்று கோப்பில் 'பெக்ஸ்ட்' என்றொரு பகுதி உண்டு. விவரத்துக்கு 256 எழுத்துகள், பதிவு செய்தவர் பெயர், பதிவான தேதி, நேரம் எல்லாம் அதில் அடங்கும். அங்கே இருந்தால்தான் டிஸ்க்கை யார் கணினியில் மாட்டினாலும் விவரம் கூடவே வரும். பேசிய கூலி இதற்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். எழுத்தில் கேட்டு வாங்கவில்லை.

வாக்குவாதம் செய்து, கடைசியில் பாதிக் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டேன். இரண்டே நாளில் டிஸ்க் திரும்பி வந்தது. இப்போது எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கோயில் மணி ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. கோப்புப் பெயரை வைத்துக் கண்டுபிடித்துப் பார்த்தால், விவரத்தில் நாணயங்கள், ரூபாய் நோட்டு எண்ணும் ஓசை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நான் தட்டியிருந்த 'மணி' ஆங்கிலப் பணமாகிவிட்டது! மண் மேல் நடக்கும் ஓசை ஆண் குரலாகியிருந்தது. 'பால் கறத்தல்' நண்பர்கள் பேசுவதாகியிருந்தது. பறைக்கு ஆப்பிரிக்கக் கொட்டு என்று பெயர். ஒருவரும் ஒரு கிளிப்பையும் காதில் வாங்கவில்லை. கோப்புப் பெயரை ஏதோ ஒரு நிரலுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார்கள். அன்று செய்து காட்டியபோது அவர்கள் தட்டிய சொற்களுக்கெல்லாம் ஏன் ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்புகளே வந்தன என்பது அப்போதுதான் உறைத்தது.

இதுவரை நடந்ததைச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 2015 டிசம்பர் 1 அன்று இரவு, ஊரே மூழ்கிக்கொண்டிருந்தபோது மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பதிந்த மழை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பதிவுத் தேதி போன மாதமாகவும், பதிவு செய்தவர் பெயர் அந்த நிறுவனத்தின் பெயராகவும் மாறியிருந்தது. விவரத்தை மட்டும் சேர்க்காமல் பெக்ஸ்ட் பகுதி முழுவதையும் அழித்துத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

அதே டிஸ்க்கின் ஒரு மூலையில், நேரடி ஒலிப்பதிவு செய்த ஒரு சிறு படத்தின் 412 டேக்குகளும், அதாவது ஒவ்வொரு முறை நடித்தபோதும் பதிந்த ஒலிகளும், இருந்தன. அவற்றைத் தொடவே சொல்லவில்லை. டிஸ்க் முழுவதற்கும் நிரலை ஓட்டியதில் அவையும் சிக்கின. படப்பிடிப்புக் கோப்பில் டைம்கோடு, அதாவது டேக் தொடங்கிய நேரம், நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் (ஒலியை அளந்து வைக்கும் நுண்துளி) கடந்தது என்ற எண்ணிக்கையாகத்தான் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் வீதம், காலை 10 மணிக்குத் தொடங்கிய டேக் என்றால் 172 கோடியே 80 லட்சம். இப்போது எல்லாவற்றிலும் பூஜ்யம். கதாநாயகியின் காலைச் சண்டை முதல் மாலைச் சமாதானம் வரை அத்தனையும் நள்ளிரவு 12 மணிக்குப் பேசியவையாகிவிட்டன. படத்தொகுப்பாளர் அனுப்பியதில் எல்லா மைக்கையும் ஒன்றாகக் கலந்த கலவைத் தடம் மட்டுமே இருந்தது. புரோ டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டைம்கோடைப் பொருத்தித்தான் லேப்பல் மைக் (சட்டையில் குத்துவது), பூம் மைக் (கம்பில் பிடிப்பது) தடங்களைத் தனித்தனியே இழுத்தாக வேண்டும். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்த தம்பி தன் நகலை அழிக்காமல் வைத்திருந்தார், பிழைத்தேன்.

என் சொந்த ஒலிகளுக்கு எட்டு மாதம் பழைய நகல் ஒன்று இருந்தது. பி.டபிள்யூ.எஃப். மெட்டாஎடிட் என்ற இலவச மென்பொருள் பெக்ஸ்ட் விவரங்களை அட்டவணையாக வெளியே எடுத்து, திரும்பவும் ஏற்றித் தரும். பழைய நகலிலிருந்து எடுத்து இதில் ஏற்றினேன். அதற்குப் பிந்திய 700 கிளிப்புகளுக்கு என் நாட்குறிப்பும் நினைவும்தான் துணை. மழையின் தேதி திரும்பிவிட்டது.

இந்த வேலையை இனி யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? தமிழ்ப் பெயருள்ள இருபது கோப்புகளின் நகலை மட்டும் முதலில் கொடுங்கள். திரும்பி வந்ததை உங்கள் கணினியில் மாட்டி, தேதியும் டைம்கோடும் முன்பிருந்தபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவரை ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அவர்கள் மடிக்கணினியில் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள்.

பணம் திரும்பவில்லை. மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இரவில் நாற்பது கிளிப் வீதம் நானே கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று அந்த நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. திறந்து பார்த்தேன். சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.